பற்றில்லாதவரும் பற்றற்றவரும்

கேள்வி: ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர் நான். கணக்கு விஷயத்தில் எங்கள் உறுப்பினர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். அதனால், எந்த அணிக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு தணிக்கையாளரைத் தேடி ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பினேன். ‘அன்இன்ட்ரஸ்டட் ஆடிட்டர் ஒருவர் தேவை’ என்று அதில் எழுதியிருந்தேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: ‘முப்பது வருடமாகக் கணக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆகவே நீங்கள் கேட்ட தகுதி எனக்கு நிறையவே இருக்கிறது.’ கேலி செய்கிறார் என்பது புரிந்தது. எதைக் கேலி செய்கிறார் என்பதுதான் புரியவில்லை. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்று போட்டிருக்க வேண்டும் என்கிறார் எங்கள் பொருளாளர். இரண்டுக்கும் ‘ஆர்வம் இல்லாத’ என்பதுதானே பொருள்?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: முதல் வேலையாக அந்தத் தணிக்கையாளரையே அமர்த்திக்கொள்ளுங்கள். சொல்லில் இருக்கும் வித்தியாசத்தைப் பிடித்தவர் கணக்கில் இருக்கும் வித்தியாசத்தை விட்டுவிட மாட்டார். உங்கள் பொருளாளர் சொன்னதும் சரி.

உங்களைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஓர் உயில் தகராறு சம்பந்தமான ஆங்கிலத் தாள்கள், மொத்தம் 42 பக்கம், என் மேஜைக்கு வந்தன. ‘டூ டிஸ்இன்ட்ரஸ்டட் விட்னஸஸ்’ என்று அதில் ஒரு தொடர். கொஞ்சமும் தயங்காமல் ‘ஆர்வமில்லாத இரண்டு சாட்சிகள்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். எங்கள் பிரிவில் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். யாரையும் திட்ட மாட்டார். சிவப்பு மையில் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார், அவ்வளவுதான். அன்று எழுதிய கேள்வி: ‘கையெழுத்துப் போடும்போது கொட்டாவி விட்டார்களோ?’

அவமானத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வைத்திருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உயிலுக்குச் சாட்சியாக வருகிறவர் கொட்டாவி விட்டாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. அந்த உயிலால் அவருக்கு ஏதாவது கிடைக்கிறதா என்பதுதான் அதன் கவலை. இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ அதே உயிலில் எதையாவது எழுதிவைத்திருந்தால், அந்தப் பங்கு செல்லாது. உயில் மட்டும் செல்லும். சொத்தில் பங்கு இல்லாத சாட்சியைத்தான் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்கிறார்கள். அவர் ஆர்வத்தோடு வரி வரியாகப் படித்துப் பார்த்தும் கையெழுத்துப் போடலாம், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டும் போடலாம்.

குழப்பம் எல்லாம் ‘இன்ட்ரஸ்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் அதை ஒரே பொருளில் வைத்துப் பழகிவிட்டோம். ‘படிப்பில் இன்ட்ரஸ்ட் இல்லை’, ‘பாட்டில் இன்ட்ரஸ்ட் உண்டு’ என்று எங்கு வந்தாலும் அது ஆர்வம்தான். ஆனால் அந்தச் சொல்லின் பூர்விகத்தில் ஆர்வம் கிடையாது. ‘இன்டர்’ என்றால் இடையில், ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இடையில் இருப்பது என்று லத்தீனில் பொருள். ஒரு விஷயம் ஒருவரைப் பாதிக்கிறது, அதனால் அவருக்கு ஏதோ வித்தியாசம் உண்டாகிறது என்ற கருத்து அதிலிருந்து வந்தது. ஆங்கிலச் சட்டத்தில் அது முதலில் ஒரு சொத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமையைக் குறித்தது. அதே சொல்லுக்கு வட்டி என்ற பொருளும் வந்த கதை இன்னும் சுவையானது. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை தடுத்திருந்த காலத்தில், கடனைத் தவணைக்குள் கட்டாததால் கொடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்பது மட்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஈட்டுத்தொகைக்குப் பெயர் ‘இன்டரெஸ்ஸே’. பெயர் ஈடு, வருவது வட்டி. தடையெல்லாம் தளர்ந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. மனதில் தோன்றும் ஆவல் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. சொல்லின் வயதை வைத்துப் பார்த்தால் அது நேற்று வந்த பிள்ளை.

‘பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்பதை யாராவது ‘பொது ஆர்வம்’ என்று மொழிபெயர்க்கிறோமா? பொதுநலன் என்றுதான் சொல்கிறோம். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு ‘கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்’ இருக்கிறது என்றால், கம்பெனி அவர் கைக்குள் இருக்கும் அளவுக்குப் பங்குகள் வைத்திருக்கிறார் என்று பொருள். கம்பெனியைப் பற்றி நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வரலாம், அது வேறு விஷயம். ஆக, இன்ட்ரஸ்டில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று மனது சம்பந்தப்பட்டது, இன்னொன்று கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்டது. முதலாவது இல்லாவிட்டால் அன்இன்ட்ரஸ்டட், இரண்டாவது இல்லாவிட்டால் டிஸ்இன்ட்ரஸ்டட்.

நமக்கு இது புதிதா என்ன? தமிழில் ‘பற்று’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். கணக்கு நோட்டில் பற்று வரவு எழுதுகிறோம். அதே பற்றுதான் மொழிப்பற்று, நாட்டுப்பற்று. பணமும் மனமும் ஒரே சொல்லில். இதில் அதைவிட விசேஷம் ஒன்று உண்டு. ‘அவனுக்கு மொழிப்பற்று இல்லை’ என்றால் திட்டு. ‘அவர் பற்றற்றவர்’ என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். பற்றில்லாதவரும் பற்றற்றவரும் இலக்கணப்படி அண்ணன் தம்பிகள்தான், ஆனால் ஊர் ஒருவரை ஏசுகிறது, மற்றவரைத் தொழுகிறது. ‘இல்லாதவர்’ என்பது வெறும் இன்மை. ‘அற்றவர்’ என்பதில் அறுதல் இருக்கிறது. கட்டிப்போட்டிருக்கக் கூடிய ஒரு கயிறு அறுந்திருக்கிறது. ஆங்கிலத்தின் அன்னுக்கும் டிஸ்ஸுக்கும் இடையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அன் என்பது இல்லை என்று சொல்கிறது. டிஸ் என்பது லத்தீன் வழி வந்தது, விலகி நிற்பதையும் பிரிந்து போவதையும் காட்டுகிறது.

சந்தேகம் இருந்தால் வேறு சொற்களில் போட்டுப் பாருங்கள். ‘அன்குவாலிஃபைடு’ என்றால் தகுதியே பெறாதவர். ‘டிஸ்குவாலிஃபைடு’ என்றால் போட்டியில் இருந்து நீக்கப்பட்டவர். ‘அன்ஆர்ம்டு’ ஆள் கையில் ஆயுதம் இல்லை, ‘டிஸ்ஆர்ம்டு’ ஆள் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஜோடி அன்யூஸ்டு, டிஸ்யூஸ்டு. இன்னும் பிரிக்காத உறை முதலாவது. புல் முளைத்துக் கிடக்கும் பழைய ரயில் பாதை இரண்டாவது.

உடனே ஒருவர் எழுதுவார், ‘பொறுப்பற்றவன், அறிவற்றவன் எல்லாம் புகழ்ச்சியா?’ என்று. இல்லைதான். இந்தச் சூத்திரத்தைத் தமிழ் முழுக்கப் போட்டுப் பார்க்காதீர்கள், ஆங்கிலம் முழுக்கவும் போடாதீர்கள். இந்த ஒரு ஜோடிக்கு நினைவுக் குறிப்பாக வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வித்தியாசத்துக்காக ஒரு பெரிய மனிதரின் தீர்ப்பே கவிழ்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் டைம்ஸ் என்பவருக்கும் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் நிறுவனத்துக்கும் நீண்ட வழக்கு. கீழே நிறுவனத்துக்குச் சாதகமாக வந்த உத்தரவுகளை லார்ட் சான்சலர் காட்டன்ஹாம் பிரபு உறுதிசெய்தார். அவரோ அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகளில் ஒருவர். பிறகுதான் தெரிந்தது, அதே கால்வாய் நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்தன. வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. 1852இல் அவருடைய தீர்ப்பு ரத்தானது. இதில் கவனிக்க வேண்டியது, பங்குகளுக்காக அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று தீர்ப்பு சொன்ன பிரபுக்களே சொன்னார்கள். சொல்லிவிட்டுத்தான் ரத்து செய்தார்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற பழைய விதிக்கு அந்தப் பங்குகளே போதுமானவையாக இருந்தன. மனிதர் நேர்மையானவர், ஆனால் டிஸ்இன்ட்ரஸ்டட் அல்ல. வழக்கில் அவர் அன்இன்ட்ரஸ்டட் என்றும் சொல்ல முடியாது, அக்கறையோடுதான் கேட்டிருப்பார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். உங்கள் சங்கத்தில் யாருக்கும் உறவோ நண்பரோ அல்லாத, எந்த அணி ஜெயித்தாலும் காலணா லாபமோ நஷ்டமோ அடையாத, அதே நேரம் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் ஆர்வம் உள்ள ஒருவர் உங்களுக்கு வேண்டும். அதாவது டிஸ்இன்ட்ரஸ்டட்டாக இருக்க வேண்டும், அன்இன்ட்ரஸ்டட்டாக இருக்கவே கூடாது. நீங்கள் கேட்டது தலைகீழாகப் போய்விட்டது. தமிழில் எழுதியிருந்தால் ‘யாருக்கும் வேண்டியவரோ வேண்டாதவரோ அல்லாத ஒருவர்’ என்று உங்கள் கேள்வியில் எழுதியதைப் போலவே அழகாக எழுதியிருப்பீர்கள். சிக்கலே வந்திருக்காது.

கேள்வி: ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதற்கு ‘ஆர்வம் இல்லாத’ என்ற பொருளையும் என் அகராதி கொடுத்திருக்கிறது. அந்தப் பொருளில் கட்டுரையில் எழுதினால் எங்கள் பேராசிரியர் அடித்துவிடுகிறார். அகராதி சரியா, அவர் சரியா?
– கல்லூரி மாணவி

பதில்: இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் வந்தன. பேசிவைத்துக்கொண்டு எழுதினீர்களோ?

அகராதி பொய் சொல்லவில்லை. மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைக் குறித்துவைப்பது அதன் வேலை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே ஏராளமானவர்கள் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதை ஆர்வமின்மைக்குப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பேராசிரியருக்கு அதிர்ச்சி தரக்கூடிய இன்னொரு தகவலும் உண்டு, அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை ஆர்வமில்லாத, அக்கறை கொள்ளாத என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் ஜான் டன் எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் ‘அன்இன்ட்ரஸ்டட்’ பக்கச்சார்பில்லாத என்ற பொருளில் வழங்கியது. ஆமாம், அப்படியே நேர்மாறு! பிறகு இரண்டும் நாற்காலி மாறி உட்கார்ந்துகொண்டன. ‘அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, இந்தத் தலைமுறைதான் கெடுத்துவிட்டது’ என்று இந்தச் சொல்லை வைத்து யாரும் புலம்ப முடியாது.

அப்படியிருந்தும் நான் உங்கள் பேராசிரியர் பக்கம்தான். பிடிவாதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரணம் இருக்கிறது. ஆர்வம் இல்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. போர்டு (அலுத்துப்போன), இன்டிஃபரன்ட் (அக்கறையற்ற) என்று அடுக்கலாம். ஒரு விஷயத்தில் சொந்த லாப நஷ்டம் எதுவும் இல்லை என்பதைச் சொல்ல டிஸ்இன்ட்ரஸ்டட்டை விட்டால் ஒற்றைச் சொல் சுலபமாகக் கிடைக்காது. ‘நடுநிலையான என்று சொல்ல இம்பார்ஷியல் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது வேறு. இம்பார்ஷியல் என்பது மனதின் நிலை. டிஸ்இன்ட்ரஸ்டட் என்பது ஆள் நிற்கும் இடம். மேலே சொன்ன காட்டன்ஹாம் பிரபு இம்பார்ஷியலாக இருந்திருக்கலாம். பங்குகள் கையில் இருந்தவரை டிஸ்இன்ட்ரஸ்டட்டாக இருந்திருக்க முடியாது. ஒருவர் மனதுக்குள் புகுந்து நடுநிலையை அளக்க யாராலும் ஆகாது. பங்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிடலாம். இந்த வசதியான சொல்லை ஆர்வமின்மையோடு கலந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

பெயர்ச்சொல்லில் மட்டும் நான் தோற்றுப்போய்விட்டேன். ‘டிஸ்இன்ட்ரஸ்ட்’ என்றாலே இப்போது பெரும்பாலும் ஆர்வமின்மைதான். மாணவர்களின் டிஸ்இன்ட்ரஸ்ட், வாக்காளர்களின் டிஸ்இன்ட்ரஸ்ட் என்று நல்ல எழுத்தாளர்களே எழுதுகிறார்கள். ‘அன்இன்ட்ரஸ்ட்’ என்பது காதுக்கு ஒட்டவில்லை, அதனால் அந்த இடத்தையும் இதுவே பிடித்துக்கொண்டது. தன்னலமின்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்னெஸ்’ என்று முழு நீளத்துக்கு எழுத வேண்டும். நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பல்ல.

தேர்வில் என்ன செய்வது என்றுதானே கேட்க வருகிறீர்கள்? ஆர்வமின்மைக்கு அன்இன்ட்ரஸ்டட் என்றே எழுதுங்கள். அதைத் தப்பு என்று சொல்ல அகராதிக்கும் முடியாது, பேராசிரியருக்கும் முடியாது. சொந்த லாபமின்மைக்கு டிஸ்இன்ட்ரஸ்டட் எழுதும்போது, பக்கத்திலேயே அந்த ஆளுக்கு அந்த விஷயத்தில் எந்த லாபமும் இல்லை என்பது தெரியும்படி ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். படிக்கிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் தடுமாற மாட்டார்.

கேள்வி: ‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ இரண்டையும் எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகிறது. ஒரு வழி சொல்லுங்களேன்.
– போட்டித் தேர்வுக்குத் தயாராகும் வாசகர்

பதில்: பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உணர்த்துவது ஒருவர், உணர்வது இன்னொருவர். வாயைத் திறந்து சொல்லாமல் குறிப்பாக உணர்த்துகிறவர் இம்ப்ளை செய்கிறார். அந்தக் குறிப்பைப் பிடித்து ஊகிக்கிறவர் இன்ஃபர் செய்கிறார். விருந்தாளி கடிகாரத்தை மூன்றாவது தடவை பார்க்கிறார். அவர் இம்ப்ளை செய்துவிட்டார். நீங்கள் பேச்சை முடித்துக்கொண்டால் இன்ஃபர் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சொல்பவர் இம்ப்ளை, கேட்பவர் இன்ஃபர். புகை, காலடித் தடம் மாதிரி பேசாத பொருள்களும் எதையாவது இம்ப்ளை செய்யலாம். இன்ஃபர் செய்வதற்கோ யோசிக்கும் தலை ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல் – எதை எங்கே போடுவது?
– நூலகர் ஒருவர்

பதில்: வரலாற்றில் இடம்பிடித்தது ஹிஸ்டாரிக். வரலாறு சம்பந்தப்பட்டது ஹிஸ்டாரிகல். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்தது ஹிஸ்டாரிக் நிகழ்ச்சி. பழைய காலத்தைக் களமாக வைத்து எழுதும் நாவல் ஹிஸ்டாரிகல் நாவல். அதை யாரும் வாங்காவிட்டாலும் அது ஹிஸ்டாரிகல்தான். எழுதியவரே தன் நாவலை ஹிஸ்டாரிக் என்று சொல்லிக்கொண்டால் சற்றுத் தள்ளி நின்று வாழ்த்திவிட்டு வந்துவிடுங்கள். எகனாமிக், எகனாமிகல் ஜோடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலாவது பொருளாதாரம் பற்றியது, இரண்டாவது சிக்கனமானது. பொருளாதாரம் படித்தவர் எல்லோரும் சிக்கனமானவர் அல்லர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

கேள்வி: வேலைக்கான நேர்காணலில் ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவர் புன்னகைத்தார். நல்ல சகுனமா?
– புதிதாகப் பட்டம் பெற்ற வாசகர்

பதில்: ‘இன்ட்ரஸ்டட்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆர்வம் கொள்கிறவர் இன்ட்ரஸ்டட், பிறருக்கு ஆர்வத்தை உண்டாக்குகிறவர் இன்ட்ரஸ்டிங். ‘இந்த வேலையில் எனக்கு ஆர்வம்’ என்பதற்குப் பதிலாக ‘நான் ரொம்ப சுவாரசியமான ஆள்’ என்று அறிவித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். போர்டு, போரிங் விஷயத்திலும் இதே விபத்து நடக்கும். ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லாமல் தப்பித்தீர்களே, அது பெரிய விஷயம். அவர் புன்னகையைப் பற்றி நான் எதையும் இன்ஃபர் செய்யத் தயாராக இல்லை. வேலை கிடைத்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.